யோகா வகுப்புக்கு முன் செக்கிங் மேசையைப் பாருங்கள்

கேள்வி: பெருமாநல்லூர் பக்கம் அப்பா ஆரம்பித்த பனியன் கம்பெனியை இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று தையல் லைன், மொத்தம் 72 பேர். பாதிப் பேர் நம்பியூர், குன்னத்தூர், சேவூர் பக்கத்திலிருந்து வேனில் வருகிறவர்கள். மீதி உள்ளூர், கொஞ்சம் ஒடிசாப் பையன்கள். செக்கிங்கில் (தைத்த பீஸில் தப்பு இருக்கிறதா என்று பார்க்கும் இடம்) 14 பெண்கள் வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் யாரும் நிற்பதில்லை. கழுத்து வலி, தலைவலி, கால் வீக்கம் என்கிறார்கள். திங்கட்கிழமை பாதி மெஷின் காலி. சூப்பர்வைசர் கத்துகிறார், டெய்லர்கள் கோபித்துக்கொண்டு போகிறார்கள். சீசனில் ஒன்றரை ஷிப்ட், காலை 8.30 முதல் இரவு 8.30 வரை. தொழிலாளர் நலனுக்கு என்ன செய்கிறீர்கள் என்று பையர் அனுப்பிய ஆடிட்டர் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை காலையில் யோகா, மாதம் ஒரு முறை கவுன்சிலர், ஒரு புகார்ப் பெட்டி, வருடத்துக்கு ஒரு டூர் என்று யோசித்து வைத்திருக்கிறேன். இது போதுமா?

பதில்: வணக்கம்ங்க. நீங்கள் யோசித்து வைத்திருக்கும் நான்கும் நல்ல மனதோடு யோசித்தவைதான். ஆனால் நான்குமே வேலைக்கு வெளியே இருக்கின்றன. உங்கள் ஆட்களுக்கு வலி வருவது வேலையிலிருந்து. தாழ்ந்த மேசையில் குனிந்து, நின்றபடியே பத்து மணி நேரம் பீஸ் பார்க்கிற பெண்ணுக்குச் சனிக்கிழமை அரை மணி நேர யோகாவால் கழுத்து வலி தீராது. அந்த அரை மணிக்காக வேன் இன்னும் சீக்கிரம் கிளம்பினால் வலி கூடத்தான் செய்யும். வேலையிட மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஆளை மட்டும் சரிசெய்யப் பார்க்காமல் வேலைப் பளு, வேலை நேரம் போன்றவற்றையே மாற்றச் சொல்கிறது. ஆகவே யோகா டீச்சருக்கு இப்போதைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். அதே பணத்தில் மேசை, விளக்கு, ஸ்டூல் மூன்றையும் சரிசெய்யத் தொடங்கலாம்.

முதல் வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள். பெரிய சார்ட் அட்டையில் ஆள் உருவத்தை முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று வரைந்து, செக்கிங்குக்கும் ஒவ்வொரு லைனுக்கும் அயர்னிங்குக்கும் தனித்தனியாக ஒட்டுங்கள். பக்கத்தில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று. "நேத்து ராத்திரி வீட்டுக்குப் போனப்ப எங்க வலிச்சுதோ அங்க ஒரு பொட்டு வெய்யுங்க்கா" என்று மட்டும் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். சூப்பர்வைசரும் நீங்களும் அந்தப் பக்கம் நிற்க வேண்டாம். உடல் படத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எங்கே வலி என்று கேட்கும் முறை புதிதல்ல. வட ஐரோப்பிய நாடுகளில் 1987-இல் உருவான கேள்வித்தாள் ஒன்று இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அதன் எளிய வடிவம்தான் இது. செக்கிங் படத்தில் பின்கழுத்திலும் குதிகாலிலும் பொட்டு குவிந்தால் மேசை உயரமும் நிற்பதும் காரணம். லைன் படத்தில் வலது தோளில் குவிந்தால் பண்டில் (தைக்க வரும் துணிக் கட்டு) வைக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு விஷயங்களை நோட்டம் விடுங்கள். பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி ஸ்டூலில் போட்டு டெய்லர்கள் உட்கார்ந்திருந்தால், உங்கள் இருக்கை உயரம் தவறு என்று அவர்களே கண்டுபிடித்துச் சரிசெய்துகொண்டார்கள் என்று அர்த்தம். மதியம் மூன்று மணிக்குப் பெண்களின் தண்ணீர் பாட்டில் நிறைந்தே இருந்தால், பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டியிருப்பதால் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று அர்த்தம். தலைவலிக்கும் நீர்க்கடுப்புக்கும் அது ஒன்றே போதும். பாத்ரூமுக்கு டோக்கன் முறை வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இனி செக்கிங். பல கம்பெனிகளில் செக்கிங்குக்கென்று மேசை வாங்குவதே இல்லை. எங்கோ மிச்சமான பழைய மேசையை இழுத்துப் போட்டுவிடுவார்கள். கண்ணால் உற்றுப் பார்க்கும் வேலைக்கு மேசைப் பரப்பு முழங்கை உயரத்திலோ அதற்கு 5 செ.மீ. மேலேயோ இருக்க வேண்டும். வேலை செய்யும்போது போடுகிற செருப்போடு நிற்கச் சொல்லி, மேல்கையை உடம்போடு ஒட்டவைத்து, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கையின் அடிவரை அளக்கவும். ஆளுக்கு ஆள் பத்து செ.மீ. வரைக்கும் வித்தியாசம் வரும். சராசரி எடுத்து மேசை போட்டால் யாருக்குமே பொருந்தாது. உயரமான பெண்ணுக்கு மேசையைப் பொருத்திவிட்டு, குட்டையானவர்களுக்கு 5 செ.மீ., 10 செ.மீ. பலகைகளைக் காலுக்குக் கீழே கொடுங்கள். பலகை 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், சின்னதாக இருந்தால் பின்னால் நகரும்போது தடுக்கி விழுவார்கள். மேசைக்காலை உயர்த்த செங்கல் வைக்காதீர்கள், ஒரு பக்கம் சரியும். லேத் பட்டறையில் கொடுத்தால் காலுக்குப் பொருத்தமான பைப்பை வெட்டி, அடியில் தகடு வைத்துப் பற்றவைத்துத் தருவார்கள்.

மேசையின் பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கினால் கழுத்து குனிவது இன்னும் குறையும். 60 செ.மீ. ஆழமுள்ள மேசையில் பின்விளிம்பை 10 செ.மீ. தூக்கினால் சுமார் 10 டிகிரி சாய்வு கிடைக்கும். இதில் ஒரு தொந்தரவு உண்டு: பார்த்து வைத்த பீஸ் வழுக்கி வரும். முன்விளிம்பில் மெல்லிய மரச்சட்டம் ஒன்று அடித்து, அடுக்கி வைக்கும் இடத்தைப் பக்கத்தில் சமதளமாக விடுங்கள்.

அடுத்தது ஸ்டூல். நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் உட்காருவதற்கு இருக்கை வைக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தம் வந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். செக்கிங்கை உட்கார்ந்தும் செய்யலாம், நின்றும் செய்யலாம். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய விடுவதுதான் நல்லது. நின்றால் முழங்கைக்குச் சரியாக இருக்கும் மேசைக்கு சுமார் 65 முதல் 70 செ.மீ. உயர ஸ்டூலும், கால் வைக்க ஒரு வளையமும் வேண்டும். வளையம் இல்லாத உயர ஸ்டூலில் கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும், இரண்டே நாளில் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். "உட்கார வெச்சாத் தூங்கிருவாங்க" என்று உங்கள் செக்கிங் சூப்பர்வைசர் சொல்வார். வாதம் செய்யாதீர்கள். ஒரு வாரம் பீஸ் கணக்கை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.

தலைவலிக்கு முதலில் விளக்கைச் சந்தேகப்படுங்கள். தையலுக்கு 750 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), துணிச் சோதனைக்கு 1,000 லக்ஸ் என்பது ஐரோப்பியத் தரத்தின் அளவு. செல்போன் ஆப் தோராயமாகத்தான் காட்டும், ஆனாலும் 300-க்கும் 1,000-க்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். அளக்கும்போது போனை மேசையின் மேல் படுக்கவைத்து, அந்தப் பெண் நிற்கிற இடத்தில் நிற்கும்போதே அளக்கவும். அவர் தலை நிழல் மேசையில் விழுகிறதா என்று அப்போதுதான் தெரியும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. டியூப் லைட் மேலேயும் சீலிங் ஃபேன் கீழேயும் இருந்தால் இறக்கை சுற்றும்போது வெளிச்சம் வெட்டி வெட்டி விழும். நாள் முழுக்க அதில் பீஸ் பார்த்தால் தலைவலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். விளக்கை ஃபேனுக்குக் கீழே இறக்குங்கள், அல்லது சுவர் ஃபேனுக்கு மாறுங்கள்.

கறுப்பும் நேவியும் தனிக் கணக்கு. வெள்ளைத் துணியில் எண்ணெய்க் கறை கண்ணில் அடிக்கும். கறுப்பில் விட்ட தையலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே பெண்ணுக்கு ஒரு நாள் முழுக்கக் கறுப்பு லாட் கொடுக்காதீர்கள். கொடுக்கும் நேரத்தில் வெள்ளைக்கு வைத்த டார்கெட்டை வைக்காதீர்கள்.

இப்போது மிக முக்கியமான மாற்றத்துக்கு வருகிறேன்: வேலையை மாற்றிக் கொடுப்பது. இதைச் செய்கிற கம்பெனிகளும் பெரும்பாலும் தவறாகவே செய்கின்றன. செக்கிங் பெண்ணைப் பிசிர் வெட்டப் போட்டால் அது மாற்றமே அல்ல. இரண்டிலும் கழுத்து குனிந்துதான் இருக்கிறது, கண் கூர்ந்துதான் இருக்கிறது, விரல்தான் ஓடுகிறது. உடம்பில் வேறு பாகம் வேலை செய்கிற இடத்துக்கு மாற்ற வேண்டும். உங்களிடம் செக்கிங், பிசிர் வெட்டுதல், டேக் போடுதல், மடித்துப் பேக்கிங், பெட்டி அடுக்குதல் ஆகியவை இருக்கும். காலை 8.30 முதல் டீ வரை செக்கிங், டீக்குப் பிறகு சாப்பாடு வரை மடிப்பும் பேக்கிங்கும், மதியம் மறுபடி செக்கிங், கடைசி ஒன்றரை மணி நேரம் டேக் போடுவதோ பெட்டி அடுக்குவதோ என்று வையுங்கள். ஒரு முறைக்கு இரண்டு மணி நேரம் போதும். அரை மணிக்கு ஒரு தடவை மாற்றினால் கை ஓட்டம் வருவதற்குள் எழுந்துவிட வேண்டியிருக்கும். நாளுக்கு ஒரு முறை மாற்றினால், வலி வந்த பிறகு மாற்றுவதாகிவிடும்.

யார் எப்போது எங்கே என்ற அட்டவணையை 14 பேரும் அவர்களே உட்கார்ந்து போடட்டும். இரண்டு பேர் சண்டை போட்டு ஒருவர் அழுவார், பரவாயில்லை, இரண்டாவது வாரம் சரியாகிவிடும். நீங்கள் ஒரே ஒரு விதியை மட்டும் சொல்லுங்கள்: யாரும் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செக்கிங்கில் நிற்கக் கூடாது. 1979-இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் காட்டியது இதுதான்: வேலைப் பளு கூடுதலாக இருப்பது மட்டும் ஆளை வாட்டுவதில்லை, பளுவும் கூடி, அதை எப்படிச் செய்வது என்று தானாக முடிவு செய்யும் உரிமையும் இல்லாத இடத்தில்தான் மனமும் உடம்பும் அதிகம் கெடுகின்றன. அட்டவணையை அவர்கள் கையில் கொடுப்பதற்கு உங்களுக்குச் செலவு ஒன்றும் இல்லை.

பீஸ் ரேட்டில் இருக்கிறவர்கள் மட்டும் இந்த மாற்றத்தை எதிர்ப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. பழகாத வேலைக்குப் போனால் பீஸ் குறையும், சனிக்கிழமைச் சம்பளம் குறையும். ஆகவே முதல் மூன்று வாரம், அதற்கு முந்தைய நான்கு வாரச் சராசரிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுப்பதாக முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் ஆரம்பித்தால் வேலை மாற்றம் பத்து நாளில் செத்துவிடும். பழி மட்டும் பெண்கள் மேல் விழும்.

லைனுக்கு வருவோம். சூப்பர்வைசர் கத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கையில் இருக்கும் டார்கெட்டே முடியாத கணக்காக இருக்கலாம். டி-ஷர்ட்டுக்கு நெக் ரிப் (கழுத்துப் பட்டி) வைக்க ஒரு டெய்லருக்கு 40 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 90 பீஸ் என்று பேப்பரில் வரும். ஆனால் ஊசி உடையும், நூல் அறும், பண்டில் எடுக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், தோள் சளைக்கும். இதற்கெல்லாம் 15 சதவீதம் சேர்த்தால் 46 விநாடி, மணிக்கு 78 பீஸ். உங்கள் போர்டில் 90 என்றோ 100 என்றோ எழுதியிருந்தால் தினமும் எல்லாரும் தோற்றுக்கொண்டே இருப்பார்கள், சூப்பர்வைசர் கத்திக்கொண்டே இருப்பார். நேரம் எடுக்கும்போது வேகமான டெய்லரின் அஞ்சு பீஸைக் காலை பத்து மணிக்கு எடுத்துக் கணக்குப் போடுவது வழக்கமான தப்பு. நடுத்தர வேகமுள்ளவரிடம் 20 பீஸ் காலையிலும் 20 பீஸ் மாலை நான்கு மணிக்கு மேலும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலே நாள் முழுக்க உடம்பு எப்படி இறங்குகிறது என்று தெரிந்துவிடும். மணிக்கணக்குப் போர்டில் லைன் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். ஆள் பெயரைச் சிவப்பு மையில் எழுதுகிற பழக்கம் இருந்தால் அழித்துவிடுங்கள்.

டேமேஜ் சண்டைக்குப் பண்டில் அளவுதான் பாதிக் காரணம். பத்து வேலை உள்ள லைனில் ஒவ்வொரு மேசையிலும் 50 பீஸ் பண்டில் கிடந்தால் நடுவில் 500 பீஸ் நிற்கும். மணிக்கு 80 பீஸ் வருகிற லைன் என்றால், முதல் மெஷினில் நடந்த தப்பு லைன் முடிவில் தெரிய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 500 பீஸ் பாழ். சூப்பர்வைசர் கத்தாமல் என்ன செய்வார்? அதையே 20 பீஸ் பண்டிலாக்கினால் 200 பீஸ், இரண்டரை மணி நேரம். 12 ஆக்கினால் 120 பீஸ், ஒன்றரை மணி நேரம். முதலில் 20-க்கு வந்து ஒரு மாதம் பழகுங்கள். சின்னப் பண்டிலில் டிக்கெட் வேலை கூடும், கட்டிங்கில் முணுமுணுப்பார்கள், துணியின் நிற ஷேடு கலந்துவிடாமல் பார்க்க ஹெல்பர் ஒருவர் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு ஆல்டர் (தப்பான பீஸைத் திருத்துவது) செலவைவிடக் குறைவு. பண்டிலை டெய்லருக்கு இடப்பக்கம் மேசை உயரத்திலேயே ஒரு தட்டு அடித்து வையுங்கள். தரையில் போட்டால் ஒவ்வொரு பண்டிலுக்கும் ஒரு குனிதல்.

தப்பான பீஸ் கிடைத்ததும் சூப்பர்வைசர் பார்க்க வேண்டிய வரிசை: ஊசி, நூல், டென்ஷன் (நூல் இறுக்கம்), துணி, கடைசியில்தான் கை. இந்த வரிசையை அவருக்குப் பழக்குங்கள். அவர் வேலையையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஒரே ஆள் பீஸ் எண்ணி, வருகை எழுதி, நூல் கொண்டுவந்து, மெக்கானிக்கைத் தேடிப்போய், தரமும் பார்த்தால் மிச்சம் இருப்பது வாய் மட்டும்தான். எண்ணி எழுதுகிற வேலையை ஒரு ஹெல்பரிடம் மாற்றிக் கொடுத்தாலே நிறைய அமைதியாவார். ஆனால் பெண்களிடம் கெட்ட வார்த்தை பேசுவதோ தொட்டுப் பேசுவதோ இருந்தால் அதை வேலைப் பளு என்று மன்னிக்கக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் புகார்ப் பெட்டி அதற்கு ஈடாகாது.

பவர் டேபிளில் (தையல் மெஷின் வரிசையில்) கைமடி, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் வேலை செய்கிற பெண்களைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அநேகமாக யாரும் எழுதுவதில்லை. மெஷின் ஓடுகிற வேகத்துக்கு மடித்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்; நிறுத்தும் உரிமை டெய்லருக்கு உண்டு, இவருக்கு இல்லை; சம்பளமும் இவருக்குத்தான் குறைவு. கராசெக் சொன்ன மோசமான நிலை இதுதான். வருடக்கணக்காகக் கைமடியிலேயே இருப்பவர்கள் உண்டு. வாரத்தில் மூன்று நாள், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், சம்பள நேரத்திலேயே, ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும்) மெஷினில் வேஸ்ட் துணியில் ஓட்டிப் பழகவிடுங்கள். முதல் மாதம் நேர்த்தையல், இரண்டாவது மாதம் சைடு, மூன்றாவது மாதம் லைனில் ஆள் வராத நாளில் உண்மையான பீஸ். திங்கட்கிழமை டெய்லர் வராதபோது மெஷின் சும்மா கிடக்காமல் இருக்க இதைவிட மலிவான வழி இல்லை.

இதோடு சேர்த்து ரிலீவர் ஒருவர் வேண்டும். லைனில் எல்லா வேலையும் தெரிந்த ஒருவரை எந்த மெஷினிலும் நிரந்தரமாகப் போடாமல் விடுங்கள். 15 பேருக்கு ஒருவர் இருந்தால் யாராவது எழுந்து போனால் அவர் உட்காருவார். இவர் இல்லாமல் "எப்ப வேணாலும் பாத்ரூம் போலாம்" என்று நோட்டீஸ் ஒட்டினால் அது நோட்டீஸாகத்தான் இருக்கும். எழுந்தால் தன்னிடம் பண்டில் தேங்கும் என்று யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒன்றரை ஷிப்ட் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 12 மணி நேரத்தில் சாப்பாடு, டீ நேரம் ஒன்றரை மணி கழித்தாலும் நாளுக்கு 10½ மணி நேரம், ஆறு நாளில் 63 மணி நேரம். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதயநோயால் சாகும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். 1948 சட்டம் வைத்த வரம்பு வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இரட்டைச் சம்பளம் அப்படியே இருக்கிறது. மாலை அரை ஷிப்ட்டுக்கு அரைச் சம்பளம் என்பது நம் ஊர் வழக்கம், சட்டம் அல்ல. ஆடிட்டர் முதலில் பார்க்கப்போவதும் இதைத்தான்.

ஒரேயடியாக நிறுத்தினால் ஆட்களே சண்டைக்கு வருவார்கள், ஏனென்றால் அந்த அரை ஷிப்ட் காசை நம்பித்தான் சீட்டுக் கட்டுகிறார்கள். முதல் படியாக வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அரை ஷிப்ட் இல்லை என்று வைத்து, அதற்குச் சட்டப்படியான இரட்டை வீதத்தில் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மணி நேரக் காசு கிடைப்பதால் அவர்கள் வருமானம் நேரம் குறைந்த அளவுக்குக் குறையாது. உங்களுக்கும் இரவு நேரம் விலை உயர்ந்ததாகிவிடுவதால் பகலில் எங்கே நேரம் வீணாகிறது என்று தேடத் தொடங்குவீர்கள். பெரும்பாலும் அது டையிங்கிலிருந்து துணி தாமதமாக வருவதிலும், துணி வந்தபோது லேபிள் வராமல் இருப்பதிலும்தான் இருக்கும். இரண்டாவது படி: எந்த இரண்டு நாள் என்பதை முந்தைய சனிக்கிழமை சம்பளத்தோடு சொல்லிவிடுங்கள். மாலை ஐந்து மணிக்கு வந்து "இன்னைக்கு நைட்டு இருக்குதுங்க்கா, யாரும் போயிராதீங்க" என்பதுதான் வேலை நேரத்திலேயே மிகக் கொடுமையான பகுதி. குழந்தையை யார் அழைத்து வருவது, மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது என்ற பதற்றத்தோடு தைக்கிற கையிலிருந்துதான் அந்த இரவு டேமேஜ் வருகிறது. சொல்லாமல் வந்த அரை ஷிப்ட்டுக்கு மறுப்பவர்மேல் எந்த நடவடிக்கையும் கூடாது.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஞாயிறு ஒரு நாளில் துணி துவைத்து, ரேஷன் வாங்கி, விசேஷத்துக்கும் போய்வந்து, திங்களன்று எழுந்திருக்க முடியாமல் கிடப்பது சோம்பல் அல்ல, 63 மணி நேரத்தின் பாக்கி. அதோடு இரண்டு மணி நேர வேலைக்காக ஒரு நாளையே இழக்கிறவர்கள் நிறைய: பேங்க், பள்ளிக்கூடக் கூட்டம், நல்ல தண்ணி வருகிற நாள். அரை நாளுக்குக் குறைந்து லீவு கிடையாது என்று நீங்கள் வைத்திருந்தால், அவர்கள் முழு நாளாகவே எடுத்துவிடுவார்கள். மாதம் இரண்டு முறை, இரண்டு மணி நேரப் பர்மிஷன் கொடுங்கள், சம்பளம் பிடிக்காமல். வேனில் வருகிறவர்களுக்கு இது பயன்படாது. அவர்களுக்கு அதே நான்கு மணி நேரத்தைச் சேர்த்து அரை நாளாகக் கொடுங்கள். மாரியம்மன் சாட்டு, குண்டம், பங்குனித் தேர் என்று ஊர் ஊராக நோம்பி தேதி வாங்கி வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்துவிட்டால் ஷிப்மெண்ட்டை அதற்கேற்ப நகர்த்தலாம். வருகைப் பரிசு என்று மாதம் முழுக்க வந்தவருக்கு மட்டும் கொடுப்பது வேண்டாம். காய்ச்சலோடு வந்து மெஷினில் உட்காருவார்கள், அல்லது ஒரு நாள் தவறியதும் இனி என்ன என்று நாலு நாள் வரமாட்டார்கள்.

லைனை எட்டுப் பேர் கொண்ட குழுவாக்கி, யார் எந்த வேலை செய்வது என்று அவர்களே பிரித்துக்கொள்ள விடலாமா என்று நீங்களும் ஒரு நாள் யோசிப்பீர்கள். இது நம் நாட்டிலேயே செய்து பார்த்த விஷயம். 1953-இல் அகமதாபாத் காலிகோ மில்லின் தானியங்கித் தறிக் கூடத்தில் ஏ.கே. ரைஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், ஆளுக்கொரு துண்டு வேலையாகச் சிதறிக் கிடந்ததைச் சின்னக் குழுக்களாகச் சேர்க்கலாம் என்ற யோசனையை வைத்தார். யார் யாரோடு சேர்வது என்பதைத் தொழிலாளர்களே முடிவு செய்தார்கள். உற்பத்தி கூடியது, பழுது குறைந்தது. நெசவில் நடந்தது தையலிலும் நடக்கும், ஒரு எச்சரிக்கையோடு. சம்பளம் முழுவதையும் குழுவின் எண்ணிக்கையோடு கட்டினால், மெதுவாகச் செய்கிறவரை, கர்ப்பிணியை, வயதானவரைக் குழுவே வெளியே தள்ளும். சூப்பர்வைசரின் கத்தலுக்குப் பதில் பக்கத்து மெஷின்காரியின் முறைப்பு வரும். தனிச் சம்பளம் அப்படியே இருக்கட்டும், குழுவுக்கான ஊக்கத்தொகை அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அதுவும் இந்த வருடம் வேண்டாம். மேசையும் டார்கெட்டும் சரியான பிறகு ஒரு லைனில் மட்டும் பாருங்கள்.

அயர்னிங்கில் இருக்கும் ஆட்களுக்குச் சுருக்கமாக: கையால் அழுத்திச் செய்யும் வேலை என்பதால் மேசை முழங்கைக்குக் கீழே 10 முதல் 15 செ.மீ.யில் இருக்க வேண்டும், செக்கிங்குக்கு நேர் எதிர். காலுக்குக் கீழே தடித்த ரப்பர் பாய். நீராவி வெளியேற எக்ஸாஸ்ட், அது செக்கிங் பக்கம் ஊதாமல் இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு வெள்ளை அடித்து, மோரும் தண்ணீரும் கை எட்டும் தூரத்தில் வையுங்கள்.

யோகாவும் கவுன்சிலரும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. விருப்பமுள்ளவருக்கு, சம்பள நேரத்துக்குள் வைத்தால் நல்லதுதான். தூக்கம் கெட்டு, அழுது, வாழவே பிடிக்கவில்லை என்று பேசுகிறவர் இருந்தால் மேசை உயரம் அவரைக் காப்பாற்றாது. மருத்துவ உதவி வேண்டும். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐப் பெண்கள் ஓய்வறையிலும் ஒடிசாப் பையன்கள் தங்கும் இடத்திலும் ஒட்டிவையுங்கள். இலவசம், பல மொழிகளில் பேசலாம்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யாதீர்கள். எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும். முதல் மாதம் செக்கிங் மேசை, ஸ்டூல், விளக்கு. இரண்டாவது மாதம் வேலை மாற்றமும் ரிலீவரும். மூன்றாவது மாதம் ஒரு லைனில் மட்டும் புது டார்கெட்டும் சின்னப் பண்டிலும், மற்ற இரண்டு லைன் பழையபடி. அப்போதுதான் ஒப்பிட முடியும். அரை ஷிப்ட்டை முன்கூட்டிச் சொல்வதை மட்டும் இந்தச் சனிக்கிழமையே தொடங்கலாம். ஒரு நோட்டில் நான்கே எண்கள்: கிழமைவாரியாக வராதவர்கள், சேர்ந்து 90 நாளுக்குள் நின்றவர்கள், நூறு பீஸுக்கு ஆல்டர், மாதம் ஒரு முறை பொட்டுப் படம். ஆடிட்டரிடம் காட்டவும் அந்த நோட்டே போதும். நின்றவரிடம் ஏன் என்று கடைசி நாளில் கேட்காதீர்கள், "வீட்ல வேலைங்க" என்பார்கள். இரண்டு வாரம் கழித்து அதே ஊரிலிருந்து வருகிற ஒரு அக்காவிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்தில் பொட்டு குறைந்து, ஆள் நிற்பது மட்டும் கூடவில்லை என்றால் வேனைப் பாருங்கள். நம்பியூருக்கு அந்தப் பக்கம் முதலில் ஏறுகிறவர்தான் இரவு கடைசியாக இறங்குகிறார். காலை ஏழு மணிக்கு ஏறி இரவு பத்துக்கு இறங்கினால் அவருக்கு அது 15 மணி நேர வேலை நாள். வேன் பாதையை இரண்டாகப் பிரிப்பதா, அந்தப் பக்கத்து ஆட்களை அரை ஷிப்ட்டிலிருந்து அறவே விடுவிப்பதா என்று அப்போது கணக்குப் போட வேண்டியிருக்கும்.